கொச்சிக்குக் கொண்டுபோன காய்

போட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த வாசனை எனக்கு உறைத்தது.

எர்ணாகுளம் ஜெட்டி பின்னால் போய்விட்டது. நாலு பக்கமும் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மூக்கை இழுத்து மோந்துவிட்டு, என் மடியில் இருந்த துணிப்பையைப் பார்த்துச் சிரித்தார். "ஏலக்கா அல்லே?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை அப்படியே நின்றுவிட்டது.

பைக்குள் அரைக் கிலோ காய் இருந்தது. பெரிய பச்சைக் காய். வெளுத்தது, வெடித்தது, சுருங்கியது எல்லாம் தள்ளி, இரண்டு நாளாக நானே கையால் பொறுக்கிக் கட்டியது.

போடியில் இருந்து யார் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பொட்டலம் காய் கூடப் போகும். கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போனாலும் சரி. மற்ற ஊர்க்காரர்கள் பூவும் பழமும் வாங்குகிற மாதிரி எங்களுக்கு அது. எடுத்து வைக்கும்போது யோசிக்க மாட்டோம். நானும் யோசிக்கவில்லை.

நான் பார்க்கப் போனது சகாயமேரியை. காயைத் திருடி மடியில் வைத்தாள் என்று, முப்பது வருஷத்துக்கு முன்னால் என் வாயால் கெட்ட பெயர் வாங்கிய சகாயமேரி. அவள் வீட்டுக்கு நான் கொண்டுபோனது காய்.

ஒரு கடுதாசி

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் என் கதையை எழுதுகிறேன். குரங்கணிப் பக்கம் நான் பட்ட கஷ்டத்தை எழுதிய வாரத்தில், போடியில் என்னோடு காய் பொறுக்கிய சகாயம் என்ற பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். பெரியகுளத்தில் இருந்து ஒரு வாசகி அதைப் பிடித்துக்கொண்டார். 'அந்த சகாயம் பிறகு என்ன ஆனார்? நீங்கள் வேண்டுமென்றே விட்ட மாதிரி இருக்கிறது' என்று கேட்டு எழுதியிருந்தார்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்; எழுதுவதும் அப்படித்தான். அந்த ஒரு கடுதாசியைப் படிக்க எனக்கு அரை நாள் ஆனது. படித்து முடித்தபோது, விட்டது வேண்டுமென்றேதான் என்று எனக்கே தெரிந்தது.

ஆகவே இந்த வாரம் அதை எழுதுகிறேன். என் பெருமை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

துள்ளுகிற காய்

போடியில் நாங்கள் வேலை பார்த்த ஏலக்காய்க் கடை ஒரு நீளமான கூடம். தரையில் சாக்கு விரித்து, நடுவில் காயைக் குவித்து, இரண்டு பக்கமும் பெண்கள் உட்காருவோம். தலையில் துணி கட்டியிருப்போம். ஒருத்தி சல்லடையை ஆட்டுவாள். மற்றவர்கள் முறத்தில் வாங்கிப் பொறுக்குவோம்.

சல்லடை ஆடும்போது காய் துள்ளும். எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மடியில் விழும், கொண்டையில் விழும், ரவிக்கைக்குள்ளே போய் உட்காரும். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது இடுப்பில் இருந்து ஒரு காய் உதிர்ந்தால் எங்களுக்கு அது அதிசயம் இல்லை.

அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று மடியை உதறுவோம். அந்த நேரம், பெண்களுக்கு மேலே இருக்கிறவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். யார் மடியில் இருந்து எத்தனை விழுந்தது என்று அவள் பார்க்கக் கூடாது. உதறி முடித்ததும் ஒருத்தி கூட்டி அள்ளிக் குவியலில் போடுவாள். அதற்குப் பிறகுதான் அவள் திரும்புவாள்.

எனக்கு முன்னால் மேலே இருந்த பெரியவள் அப்படித்தான் செய்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தானாம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

அந்த இடத்தில் என்னை வைத்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். அந்தக் கையெழுத்தால்தான் வேலை உயர்ந்தது என்று நினைத்தேன்.

சகாயம் சொன்ன ஊர்

சகாயம் எனக்கு எதிரில் உட்காருவாள். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள். கண்ணை மூடிக்கொண்டே காயைத் தடவி, இது இளசு, இது வெடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவாள். என் விரல் நல்ல விரல். அவள் விரல் அதைவிட நல்ல விரல். இதை அப்போது நான் ஒத்துக்கொண்டதில்லை.

மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் எல்லோருக்கும் கண் செருகும். அப்போது சகாயம் கொச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். சின்ன வயசில் அங்கே போய் வந்தாளாம். போட்டில் இருந்து இறங்கினால் கூரை போட்ட மாதிரி மரங்கள். அடுத்தது, சிலந்தி வலை மாதிரி கடலுக்கு மேலே தொங்குகிற மீன் வலை. அடுத்தது சுக்கு மணக்கிற சந்து. அதைத் தாண்டினால் ஜெபமாலை விற்கிற கடை. அதற்கு எதிரில் இரண்டு கோபுரத்தோடு மாதா கோயில். உள்ளே போனால் கூரை முழுக்கச் சித்திரம், சன்னல் எல்லாம் கலர்க் கண்ணாடி.

"இன்னொரு தடவ போனேன்னா நீல மணி வச்ச செபமாலை ஒண்ணு வாங்கணும், பூப்பின்னல் போட்ட கைக்குட்டை ஒண்ணு வாங்கணும், அதத் தலையில கட்டிக்கிட்டு வந்து இதே எடத்துல ஒக்காந்து காய் பொறுக்கணும்" என்பாள்.

நாங்கள் சிரிப்போம். ஆனால் அந்த வழி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. போகாத ஊருக்கு எனக்கு வழி தெரியும்.

நான் திரும்பாத நாள்

அது நல்ல வெயில் காலம். வெளியே போய்விட்டு வந்தால் முகம் எரியும். மூட்டையில் எடை குறைகிறது என்று முதலாளி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேச்சி, கொஞ்சம் கண்ணு வச்சுக்க" என்றார். என்னை நம்பிச் சொல்கிறாரே என்று எனக்குப் பெருமை.

அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி வாசலில் நின்றிருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

முதல் இரண்டு பேர் மடியில் ஒன்றோ இரண்டோ விழுந்தது. மூன்றாவது சகாயம். அன்று சல்லடைக்கு நேர் கீழே உட்கார்ந்தவள் அவள்தான். உட்காரச் சொன்னவளும் நான்தான். அவள் உதறியதும் பொலபொலவென்று விழுந்தது. நான் குனிந்து எண்ணினேன். பதினொன்று.

"என்னடி இது?" என்று கேட்டேன். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவள் தரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீ ஏன்க்கா இங்கிட்டுப் பாக்குற?" என்றாள்.

அவள் அழவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. போடியில் வேறு எந்தக் கடையிலும் அவளைச் சேர்க்கவில்லை. மடியில் காய் விழுந்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றுகொண்டது. புருஷன் இல்லாதவள். சின்னப் பெண் ஒருத்தியைக் கையில் வைத்திருந்தாள். அந்தப் பெண்ணோடு மலையேறி, போடிமெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் காயெடுக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

மழை பிடித்த பிறகு மூட்டைகள் மறுபடி எடை ஏறின. காய்ந்த காற்றில் காய் ஈரத்தை விடும், மழைக் காற்றில் பிடிக்கும். காய் தொழிலில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார், காற்று குடித்ததை நாம் ஆள் மேலே போட்டோம் என்று. 'நாம்' என்றார். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே மலைக்குப் போயிருக்கலாம். ஜீப்பில் ஏறினால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அவளை எதிரே பார்த்தேன். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. புளி விற்கிறவனிடம் விலை கேட்கிற மாதிரி நான் திரும்பிக்கொண்டேன். திரும்ப வேண்டிய அன்றைக்குத் திரும்பவில்லை. திரும்பக் கூடாத அன்றைக்குத் திரும்பினேன்.

மலை வழி

அவள் மகள் கொச்சிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனதும், சகாயமும் கூடப் போனதும், குரங்கணி பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாதா கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது சந்து, நீலக் கதவு. இதைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போன மாசம் என் அண்ணன் மகன் செல்வம், வண்டிக்குச் சாமான் வாங்க எர்ணாகுளம் போகிற சோலி இருக்கிறது என்றான். நானும் வருகிறேன் என்றேன்.

"என்ன அத்த, திடீர்னு?"

"கொச்சிக் கோயிலு பெரிசா இருக்குமாம். பாக்கணும்."

"வீரபாண்டித் திருவிழாவுக்கே கூட்டம்னு வரமாட்டேங்குறீக. கொச்சிக்கு வர்றீகளா?"

சின்னவனிடம் பொய் சொல்வது பெரிய விஷயம் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது இருட்டு பிரியவில்லை. மேலே போனதும் பனி. மரத்து நிழலில் ஏலச் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையோடு படர்கிற சரத்தில்தான் காய்க்கும். காயெடுக்கிறவள் நாள் முழுக்க ஈரத்தில் குத்துக்காலிட்டு நகர வேண்டும். விரல் கறுத்துப்போகும். அந்தக் கறை சோற்றிலும் கசக்கும்.

ஒரு வளைவில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் தெரிந்தன. இதுதான் அந்த எஸ்டேட்டா என்று செல்வத்திடம் கேட்க நினைத்தேன். ஏன் என்று கேட்பான். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

சுற்றிப் பார்க்க வந்தவள்

எர்ணாகுளத்தில் என்னைப் போட்டில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் நாலரை மணிப் போட்டில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று செல்வம் இரண்டு தடவை சொன்னான். கையில் போன் கொடுத்திருந்தான். ஆறு மணி நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல ஆறு மணி நேரம் தாராளம்.

இறங்கி நடந்தேன். மரங்கள் இருந்தன. சகாயம் சொன்னது சரிதான், கூரை மாதிரியேதான் இருந்தது. மீன் வலை இருந்தது. பெரிய கற்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவ்வளவு பெரிய வலையில் கைப்பிடி மீன் வந்தது. கீழே பூனைகள் காத்திருந்தன.

சுக்கு மணக்கிற சந்தைக் காணவில்லை. ஒருவரிடம் கேட்டேன். அது மட்டாஞ்சேரியில், ஆட்டோவில் போக வேண்டும் என்றார். ஜெபமாலைக் கடையும் கோயிலுக்கு எதிரில் இல்லை. சகாயம் சொன்ன வழியில் பாதி தப்பாகவே இருந்தது. ஊர் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து இருந்தது. நீலக் கதவும் இருந்தது. கதவுக்கு வெளியே கயிற்றில் ஒரு நைட்டியும் பிள்ளைச் சட்டை ஒன்றும் காய்ந்தன. கையைத் தூக்கிக் கதவைத் தட்டுகிற தூரத்தில் நின்றேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

பையில் இருந்து காய் மணந்தது. இந்த மணத்தோடு எப்படி உள்ளே போவது? முதலில் இதை எங்காவது தள்ளிவிட்டு வருவோம் என்று திரும்பிவிட்டேன்.

சாக்கு கிடைத்தது என்று திரும்பினேன் என்பதுதான் நிஜம்.

பொட்டலம் என்னை விடவில்லை

காயைக் கடலில் போட மனசு வராது. அது எங்கள் கைக்கு ஆகாத காரியம். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நடந்தேன்.

வெள்ளைக்காரர்கள் நுழைகிற ஒரு வாசனைச் சாமான் கடை வந்தது. பட்டை, கிராம்பு, மிளகு என்று சின்னச் சின்னக் கூடைகளில் அலங்கரித்து வைத்திருந்தார்கள். ஏலக்காய்க் கூடைக்கு முன்னால் நின்றேன். எட்டிப் பார்த்ததுதான் எனக்குத் தெரியும். கை என்னைக் கேட்கவில்லை. வெளுத்த காயையும் வெடித்த காயையும் தனியாகப் பொறுக்கி, கூடை விளிம்பில் குவித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அம்மச்சி, ஜோலிக்கு ஆளு வேணும். வருந்நோ?" என்று வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரி சிரித்தார்.

நான் என் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒன்றை உடைத்து மோந்து பார்த்தார். எங்கிருந்து என்றார். போடி என்றேன். "ஞங்ஙளும் அவிடுந்நு தன்னெ" என்றார். அவர்களுக்கும் அங்கே இருந்துதான் வருகிறதாம். வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இவ்வளவு நல்ல காயைச் சும்மா வாங்க முடியாது, வீட்டு ஆட்களுக்குக் கொண்டு போங்கள் என்று பாதித் தமிழில் சொன்னார்.

அவர் கடையிலேயே நீல மணி ஜெபமாலை தொங்கியது. வாங்கினேன். இரண்டு கடை தள்ளி ஒரு பெண் பூப்பின்னல் கைக்குட்டை விற்றாள். அதையும் வாங்கினேன். சாமான் வாங்குகிறவளுக்கு நேரம் ஆகத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு வந்ததும் கோயிலுக்குள் போனேன். கூரையில் சித்திரம் இருந்தது. கலர்க் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து, தரையில் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. நான் கௌமாரியம்மனைக் கும்பிடுகிறவள். இருந்தாலும் மாதா முன்னால் உட்கார்ந்தேன். சகாயத்தின் சாமி அது. அவளிடம் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே சொல்லிப் பழகுவோம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. யாரும் இல்லாத இடத்திலும் வரவில்லை.

பொட்டலத்தை மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கை லேசாக இருந்தது. பத்து அடி போயிருக்க மாட்டேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள் பின்னாலேயே ஓடி வந்தார். "அம்மச்சி, சஞ்சி மறந்நு" என்று பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். கொண்டுபோன இட்லியைப் பிரித்துவிட்டு அப்படியே மூடினேன். அந்தச் சந்து வரைக்கும் இன்னொரு தடவை போனேன். இன்னொரு தடவை திரும்பினேன். மணி மூன்றரை ஆனது. இனிமேல் தட்டாவிட்டால் போட்டுக்குத்தான் போக வேண்டும். தட்டினேன்.

நீலக் கதவு

சகாயத்தின் மகள் ஜெசி கதவைத் திறந்தாள். போடியில் பாவாடை கட்டி ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது முன்தலை நரைத்திருந்தது. ஆரு வேணும் என்று மலையாளத்தில் கேட்டாள். பேச்சியம்மாள், போடி என்றேன்.

அவள் முகம் மூடிக்கொண்டது. வா என்று சொல்லவில்லை. நிலையைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எஸ்டேட் ஈரத்தில் வளர்ந்த பிள்ளை அவள்.

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "ஜெசி, காய் வாசம் வருது. யாரு?"

நான்தான் சொன்னேன். "நான்தான், சகாயம். பேச்சி."

"வரச் சொல்லு" என்றாள் உள்ளே இருந்து.

சன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி போட்டு, தோளில் துண்டு போட்டிருந்தாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. தலை பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. என்னைவிட மூத்தவள் போல இருந்தாள். ஈரத்தில் குந்தி நகர்ந்த வருஷங்கள் அவளுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த வருஷங்களை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

"எப்பக்கா வந்த?"

"பத்து மணி போட்டுல."

"இப்ப மூணே முக்காலு. இம்புட்டு நேரம் என்ன பண்ணுன?"

"ஊரச் சுத்திப் பாத்தேன். நீ சொன்ன வழியிலதான் வந்தேன். சுக்குச் சந்தத்தான் காணல."

எந்த வழி என்று கேட்டாள். நான் சொன்னேன். மரம், வலை, சந்து, ஜெபமாலைக் கடை, எல்லாம் ஒப்பித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, ஜெசி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"அப்ப நான் எங்கக்கா கொச்சியப் பாத்தேன்? எங்க சித்தி வீட்டுக் காலண்டர்ல படம் இருந்துச்சு. மிச்சமெல்லாம் நான் கட்டுனது. நீ தூங்கி விழுவ. தூங்கி விழுந்தா ஒன் மொறத்துக் காயையும் நான்தான் பொறுக்கணும்."

ஜெபமாலையைக் கொடுத்தேன். இங்கே பெட்டிக்கடையில்கூடத் தொங்குகிறது என்றாள். சொல்லிக்கொண்டே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். தலையில் வைத்து, பின்னால் முடிச்சுப் போடக் கை எட்டாமல், என் பக்கம் குனிந்தாள். நான் கட்டிவிட்டேன்.

"காயக் கொண்டா" என்றாள்.

பையை அவள் மடியில் வைத்தேன். ஜெசி முறம் எடுத்து வந்தாள். கேரளத்து வீட்டுக்கு அந்தப் போடி முறம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. சகாயம் காயைக் கொட்டினாள். நான் ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் பொறுக்கிய காய், இதில் எடுக்க ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். அவள் பார்க்கவே இல்லை. விரலால் தடவி ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டாள். சிலது துள்ளி அவள் மடியில் விழுந்தது. "இது எளசு. இது வெடிக்கப் போகுது. இது நேத்து மழையில எடுத்தது மாதிரி இருக்கு. ஒனக்குக் கண்ணு போச்சுக்கா."

"ஆமாடி, போச்சு" என்றேன். அவள் விரல்தான் நல்லது என்று நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் பொறுக்கினோம். முறத்தில் காய் உருளுகிற சத்தம் கேட்டது. ஜெசி வாசலில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது.

"சகாயம், அன்னைக்கு நான்..."

"பேசாமக் காயப் பாருக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. வேலை நேரத்தில் பேசுகிறவளை அடக்குகிற குரல். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டு முறத்தில் கை வைத்தேன். காலையிலேயே வந்திருந்தால் மத்தியானத்துக்குள் சொல்லி முடித்திருப்பேன். இரண்டாவது தடவை ஆரம்பித்திருப்பேன், மூன்றாவது தடவை ஆரம்பித்திருப்பேன். அந்த நேரத்தை எல்லாம் பூனையையும் வலையையும் பார்த்துத் தீர்த்துவிட்டு வந்திருந்தேன்.

போன் அடித்தது. செல்வம். வெரசா வாங்க அத்தை என்றான். மணி நாலேகால்.

எழுந்தேன். சகாயமும் எழுந்தாள். வேண்டாம் என்று ஜெசி சொன்னாள். அவள் கேட்கவில்லை. ஒரு கையால் மடித் துணியை ஒதுக்கிக்கொண்டு, மறு கையால் மகள் தோளைப் பிடித்து, ஒரு முட்டியை நீட்டி, மற்றதை நீட்டி, நேராக நின்றாள். என்னை வழியனுப்பத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன்.

பிறகு மகள் தோளை விட்டுவிட்டு, நைட்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடி போலப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

சுவரில் காரை பெயர்ந்து ஒரு இடத்தில் செங்கல் தெரிந்தது. அதையே பார்த்தேன். எனக்குப் பின்னால் துணி உதறுகிற சத்தம் கேட்டது. அடுத்தது, சிமெண்டுத் தரையில் காய் விழுகிற சத்தம். ஒன்றா, பத்தா? நான் எண்ணவில்லை.

"போதும். திரும்புக்கா, போட்டு போயிரும்" என்றாள் சகாயம்.

ஜெசி விளக்குமாறு எடுத்துவந்து, தரையைக் கூட்டி அள்ளி, முறத்தில் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் திரும்பவில்லை.